நியூட்ரானை எண்ணும் மெல்லிய பூச்சு



நம் நாட்டில் எந்த மாநிலத்திற்குச் சென்று குடியேறினாலும் அங்கே காரம் பலகை ஒன்றைக் காணலாம். விளையாடத் தொடங்குமுன் பலகையின் மீது ஒரு சிட்டிகை வெண்ணிறப் பொடியைத் தூவுவது வழக்கம். அதைப் போரிக் பவுடர் என்கிறோம். நகையைப் பற்றவைக்கும் பொற்கொல்லர் கையாளும் வெங்காரமும் அந்தப் பொடிக்கு உறவுடையதே. இவ்விரண்டிலும் போரான் என்னும் தனிமம் அடங்கியிருக்கிறது. பலகையில் காய் வழுக்கவும், தட்டானின் உலையில் பொன் ஒட்டவும் உதவும் இந்த எளிய பொருள், அணு விஞ்ஞானத்தில் மிக நுட்பமான ஒரு வேலையைச் செய்து வருகிறது. தலைமயிரின் கனத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லாத பூச்சாக அதனைத் தகட்டின் மீது படியச் செய்து, நியூட்ரான் என்னும் அணுத்துகளை எண்ணுகிறார்கள். அந்தப் பூச்சு ஏன் அவ்வளவு மெல்லியதாக இருக்கவேண்டும், தடித்திருந்தால் என்ன கெடுதி என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் நியூட்ரானை அறிமுகம் செய்துகொள்வோம். ஒவ்வோர் அணுவின் நடுவிலும் ஒரு கரு உண்டு. சாதாரண ஹைட்ரஜனைத் தவிர மற்ற எல்லா அணுக்களின் கருவிலும் புரோட்டான், நியூட்ரான் என்ற இருவகைத் துகள்கள் இருக்கின்றன. இரண்டும் எடையில் ஏறக்குறையச் சமம். புரோட்டான் மின்னேற்றம் உடையது; நியூட்ரானுக்கு மின்னேற்றம் இல்லை. அதனால்தான் அது நெடுங்காலம் விஞ்ஞானிகளின் கண்ணுக்கு அகப்படாமல் இருந்தது. 1932ஆம் ஆண்டில், கேம்பிரிட்ஜில் உள்ள கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் சாட்விக் என்பவர் அதனைக் கண்டறிந்து உறுதி செய்தார். 1935இல் அதற்காக அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மின்னேற்றம் இல்லாததால் கண்ணுக்கு அகப்படாமல் போவானேன் என்று கேட்கலாம். அணுத்துகள்களை எண்ணும் கருவிகளில் பெரும்பாலானவை ஒரே அடிப்படையில் வேலை செய்பவை. வாயு நிரம்பிய ஒரு குழாய். அதன் நடுவே ஒரு மெல்லிய கம்பி. கம்பிக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையே உயர்ந்த மின்னழுத்தம். மின்னேற்றமுள்ள துகள் ஒன்று உள்ளே நுழைந்தால், போகும் வழியெல்லாம் வாயு அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களை உதிர்த்துக்கொண்டே செல்லும். அந்த எலெக்ட்ரான்கள் கம்பியை நோக்கி விரைந்து, விரைகையில் மேலும் பல எலெக்ட்ரான்களை உதிர்க்கும். முடிவில் கம்பியில் ஒரு மின் துடிப்பு தோன்றும். ஒரு துடிப்பு, ஒரு துகள். எண்ணிக்கை இவ்வாறு நடைபெறுகிறது. நியூட்ரானோ திருவிழாக் கூட்டத்தில் எவர்மீதும் படாமல் நழுவிச் செல்பவனைப் போல வாயுவினூடே சென்றுவிடும். ஓர் எலெக்ட்ரானையும் உதிர்க்காது, துடிப்பும் எழாது.

எனவே நியூட்ரானை நேராகப் பிடித்து எண்ண இயலாது. அது மற்றொன்றை இடித்தோ, மற்றொன்றால் விழுங்கப்பட்டோ, அதன் விளைவாக மின்னேற்றமுள்ள துகள் வெளிப்படவேண்டும். அந்தத் துகளே நமக்குச் சாட்சி. சாட்விக்கும் சாட்சியை வைத்தே வழக்கை முடித்தார். பெரிலியத்திலிருந்து வந்த இனம் தெரியாத கதிர்களைப் பாரஃபின் மெழுகின் மீது விழச்செய்தபோது, மெழுகிலிருந்து புரோட்டான்கள் தெறித்து வெளிவந்தன. அவற்றின் வேகத்தைக் கணக்கிட்டு, இடித்தது புரோட்டானுக்குச் சமமான எடையுள்ள, மின்னேற்றமற்ற துகளே என்று நிறுவினார்.

மெழுகுக்கு இன்னொரு பயனும் உண்டு. காரம் பலகையில் ஒரு காய் மற்றொரு காயை நேராக இடித்தால், இடித்த காய் ஏறக்குறைய அங்கேயே நின்றுவிட, இடிபட்ட காய் ஓடுகிறது. சமமான எடையுள்ளவை மோதும்போது வேகம் கைமாறிவிடுகிறது. அதே காய் பலகையின் சட்டத்தில் மோதினால் வேகம் அதிகம் குறையாமல் திரும்பி வருகிறது. நியூட்ரானும் அப்படித்தான். கனமான ஈய அணுக்களில் மோதினால் வேகம் குறைவதில்லை. தண்ணீரிலும் மெழுகிலும் நிறைந்துள்ள ஹைட்ரஜனில் மோதினால் சில மோதல்களிலேயே வேகம் அடங்கிவிடுகிறது. இவ்வாறு மெதுவாக்கப்பட்ட நியூட்ரான்களை அணுக்கருக்கள் எளிதில் விழுங்கும் என்பதை 1934இல் ரோம் நகரில் என்ரிக்கோ ஃபெர்மியும் அவருடைய தோழர்களும் கண்டனர். மெதுவான நியூட்ரான் என்றாலும் ஆமை நடை அன்று. வினாடிக்குச் சுமார் 2,200 மீட்டர் செல்லும். ஆயினும் அணு உலகில் அது நிதான நடையே.

மெதுவான நியூட்ரானை மிகுந்த பசியுடன் விழுங்கும் தனிமங்களுள் போரான் ஒன்று. இயற்கையில் கிடைக்கும் போரானில் எடை வேறுபட்ட இரு வகைகள் கலந்துள்ளன. நூற்றுக்கு 80 பங்கு போரான்-11. எஞ்சிய 20 பங்கு போரான்-10. பசி முழுவதும் இந்த இரண்டாவதற்கே. போரான்-10இன் கரு ஒரு நியூட்ரானை விழுங்கியதும் நிலைகொள்ளாமல் உடனே இரண்டாகப் பிளக்கிறது. ஒரு துண்டு ஹீலியத்தின் கரு. அதனை ஆல்ஃபா துகள் என்பர். மற்றொன்று லித்தியத்தின் கரு. இரண்டும் மின்னேற்றம் உடையவை. ஒன்றற்கொன்று நேர் எதிர்த் திசையில் பாய்பவை. நூற்றில் 94 தடவை, ஆல்ஃபா 14 லட்சத்து 70 ஆயிரம் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடனும், லித்தியம் 8 லட்சத்து 40 ஆயிரம் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடனும் வெளிப்படுகின்றன. உள்ளே நுழைந்த நியூட்ரானின் ஆற்றலோ ஓர் எலெக்ட்ரான் வோல்ட்டில் நாற்பதில் ஒரு பங்குதான். வந்த விருந்தாளியின் ஆற்றலைப்போல் ஒன்பது கோடி மடங்கு ஆற்றல் வெளிப்படுகிறது. இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுவதில்லை.

இந்த உண்மை 1935ஆம் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. அதன் பின்னர் எழுந்த நியூட்ரான் எண்ணிகள் பெரும்பாலும் மூன்று வகையானவை. முதல் வகையில் போரான் டிரைஃபுளோரைடு என்னும் வாயுவைக் குழாயில் நிரப்பினர். நன்றாக வேலை செய்யும்; ஆனால் நச்சு வாயு, உலோகத்தை அரிக்கவும் செய்யும். இரண்டாம் வகையில் குழாயின் உட்சுவரில் போரானைப் பூசி, உள்ளே தீங்கற்ற வாயுவை நிரப்பினர். அணு உலையைத் தொடங்கும் வேளையில் உள்ளே நியூட்ரான்கள் மிகக் குறைவாக இருக்கும்போது அவை பெருகி வருவதைக் கண்காணிக்க இத்தகைய எண்ணிகள் உதவுகின்றன. மூன்றாம் வகையில் ஹீலியம்-3 என்னும் வாயுவைப் பயன்படுத்தினர். அது நஞ்சன்று, எரியாது, எதனுடனும் சேராது. நியூட்ரானை விழுங்குவதில் போரான்-10ஐயும் மிஞ்சியது. ஆராய்ச்சிக்கூடங்கள் எல்லாம் மெல்ல மெல்ல அதன் பக்கமே சாய்ந்தன. பூச்சு எண்ணிகளைப் பலர் பழைய பண்டமாகவே கருதினர்.

ஹீலியம்-3 எங்கிருந்து வந்தது என்பதில்தான் சங்கடம் மறைந்திருந்தது. பூமியில் அது இயற்கையாகக் கிடைப்பது மிக மிகச் சொற்பம். ஹைட்ரஜனின் கனத்த உறவினமாகிய டிரிட்டியம் காலப்போக்கில் சிதைந்து ஹீலியம்-3 ஆக மாறுகிறது, 12.3 ஆண்டுகளில் பாதி மாறிவிடும். டிரிட்டியத்தைப் பெருமளவில் செய்து வைத்திருந்தது எதற்காக என்றால், அணுகுண்டுகளுக்காக. குண்டுகளில் இட்ட டிரிட்டியம் சிதையச் சிதைய, அதிலிருந்து பிரித்தெடுத்த ஹீலியம்-3 உபரிப் பண்டமாக ஆராய்ச்சிக்கூடங்களுக்கு மலிவாகக் கிடைத்து வந்தது. அமெரிக்கா தன் ஆயுதங்களுக்காக டிரிட்டியம் செய்த உலையை 1988இல் நிறுத்தியது. பனிப்போர் ஓய்ந்து குண்டுகளின் எண்ணிக்கை குறைந்தபோது உலகம் பெருமூச்சு விட்டது. அதே சமயம் ஹீலியம்-3இன் ஊற்றும் வற்றத் தொடங்கியது.

செலவோ பெருகியது. 2001ஆம் ஆண்டு செப்டம்பர்த் தாக்குதலுக்குப் பிறகு, புளூட்டோனியம் போன்ற பொருள்கள் திருட்டுத்தனமாக வந்துவிடாமல் தடுக்கவேண்டி, துறைமுகங்களிலும் எல்லைச் சாவடிகளிலும் சோதனை வாயில்களை அமெரிக்கா ஏராளமாக நிறுவியது. புளூட்டோனியம் தானாகவே நியூட்ரான்களை உமிழும் இயல்புடையது. அதை உணர ஒவ்வொரு வாயிலிலும் ஹீலியம்-3 குழாய்கள் வைக்கப்பட்டன. வரவு சுருங்கி, செலவு விரிந்தால் என்ன ஆகும்? 2008, 2009ஆம் ஆண்டுகளில் கையிருப்பு கரைந்துவிட்டது வெளிப்படையாயிற்று. விலை பன்மடங்கு ஏறியது; விலை கொடுத்தாலும் கிடைக்காத நிலையும் வந்தது.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று எண்ணிவிடலாகாது. நியூட்ரான் வெறும் ஆயுதச் சரக்கு அன்று. பொருள்களின் உள்ளமைப்பைக் காட்டும் விளக்கு அது. எக்ஸ்ரே கதிர்கள் கனமான அணுக்களைத் தெளிவாகக் காட்டும். ஹைட்ரஜனை ஏறக்குறையக் காணாமலே விட்டுவிடும். நியூட்ரானுக்கோ ஹைட்ரஜன் நன்றாகத் தெரியும். உயிர்ப்பொருள்கள் அனைத்திலும் ஹைட்ரஜன் நிறைந்திருப்பதால், புரதம் மடிந்திருக்கும் விதம், மருந்து உடலில் சென்று பற்றும் விதம், மின்கலத்தினுள் லித்தியம் நகரும் விதம் ஆகிய பலவற்றையும் நியூட்ரான் கொண்டு ஆராய்கின்றனர். இந்த வழியைத் திறந்து வைத்த பெர்ட்ரம் பிராக்ஹவுஸ், கிளிஃபோர்டு ஷல் இருவருக்கும் 1994இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டிற்கும் இத்துறையில் நீண்ட மரபு உண்டு. மும்பையில் செம்பூருக்கு அப்பால் உள்ள திராம்பேயில் 1956 ஆகஸ்டு 4ஆம் தேதி அப்ஸரா உலை இயங்கத் தொடங்கியது. கனடாவில் பிராக்ஹவுஸிடம் பயின்று திரும்பிய பி. கே. ஐயங்கார் அங்கே நியூட்ரான் ஆராய்ச்சியை வளர்த்தவர்களுள் முதன்மையானவர். சென்னையில் பிறந்த ஆர். சிதம்பரம், 1960 முதல் 2010 வரை இயங்கிய சைரஸ் உலையின் நியூட்ரான்களைக் கொண்டு, அமினோ அமிலங்களில் ஹைட்ரஜன் அணு எந்த இடத்தில் அமர்ந்திருக்கிறது என்பதைத் தம் குழுவினருடன் அளந்து காட்டினார். 1985இல் துருவா உலை வந்தது. கல்பாக்கத்தில் 1996இல் இயங்கத் தொடங்கிய காமினி என்னும் சிறிய உலை, விண்வெளித் துறையின் வெடிசாதனங்களை உடைக்காமலேயே, உலோக உறைக்குள் மருந்து சரியாக இருக்கிறதா என்று நியூட்ரான் படமெடுத்துப் பார்க்கப் பயன்பட்டிருக்கிறது. இத்தகைய ஆராய்ச்சிகள் எல்லாவற்றிலும் உலை எவ்வளவு பெரிதாயினும், கடைசியில் நியூட்ரானை உணரும் கருவி இல்லாவிட்டால் பயனில்லை. கண்ணில்லாதவன் முன் விளக்கேற்றியது போலாகிவிடும்.

ஆகவே 2010ஆம் ஆண்டை ஒட்டி உலகின் பெரிய நியூட்ரான் ஆய்வு நிலையங்கள் ஒன்றுகூடி, ஹீலியம்-3 இல்லாமல் காரியம் நடத்துவது எப்படி என்று ஆலோசித்தன. அப்போதுதான் ஒதுக்கி வைத்திருந்த போரான் பூச்சு மீண்டும் நினைவுக்கு வந்தது. வெங்காரம் உலகில் ஏராளம், விலையும் மலிவு. ஆனால் பழைய பூச்சு எண்ணியில் ஒரு பெருங்குறை. நூறு நியூட்ரான்கள் வந்தால் நான்கு அல்லது ஐந்தைத்தான் அது எண்ணும். மற்றவை கணக்கில் வாராமலே போய்விடும்.

பூச்சைத் தடிப்பாக்கினால் தீர்ந்ததே என்று தோன்றும். இங்கேதான் நேயர்கள் சற்று ஊன்றிக் கவனிக்கவேண்டும். போரான்-10 மிகுந்த போரான் கார்பைடு என்னும் சேர்மத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு மைக்ரான் கனமுள்ள பூச்சு, நேராக வரும் மெதுவான நியூட்ரான்களில் நூற்றுக்குச் சுமார் நான்கை விழுங்கும். 25 மைக்ரான் கனமானால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை விழுங்கிவிடும். 100 மைக்ரான் கனமானால் தப்பிச் செல்வது அபூர்வம். விழுங்குவதோடு வேலை முடிவதானால் தடித்த பூச்சே சிறந்தது.

ஆனால் நமக்கு வேண்டியது விழுங்குவது அன்று, விழுங்கியதைத் தெரிவிப்பது. பிளவிலிருந்து பிறந்த ஆல்ஃபா துகள் பூச்சைத் துளைத்துக்கொண்டு வாயுவை அடைந்தால்தான் துடிப்பு எழும். திடப்பொருளினுள் அதன் ஓட்டமோ மிகக் குறுகியது. ஆல்ஃபா மூன்று முதல் நான்கு மைக்ரான் தூரம் செல்லும். லித்தியம் இரண்டு மைக்ரானுக்குள் ஓய்ந்துவிடும். அதற்கு மேல் ஆழத்தில் நிகழ்ந்த பிளவு, அறைக்குள்ளேயே அடங்கிவிட்ட குரலைப் போன்றது. நியூட்ரான் விழுங்கப்பட்டது உண்மை. வெளியே யாருக்கும் தெரியாது. மேலும் இரு துகள்களும் எதிரெதிர்த் திசையில் பாய்வதால், ஒன்று வாயுப் பக்கம் வந்தால் மற்றொன்று தகட்டினுள் புகுந்து மறைகிறது. இரண்டையும் ஒருசேரக் காண முடிவதில்லை. ஆகவே ஒற்றைப் பூச்சை மூன்று மைக்ரானுக்கு மேல் எவ்வளவு தடிப்பாக்கினாலும் எண்ணிக்கை ஏறுவதில்லை. நியூட்ரான் பின்புறமாக, தகட்டைத் துளைத்து வருமானால், தடித்த பூச்சு அதை ஆழத்திலேயே விழுங்கிவிடுவதால் எண்ணிக்கை குறையவும் செய்கிறது.

இந்த முட்டுக்கட்டையைத் தாண்ட விஞ்ஞானிகள் பூச்சைத் தடிப்பாக்கவில்லை. பூச்சின் எண்ணிக்கையைப் பெருக்கினார்கள். மெல்லிய அலுமினியத் தகடுகளின் இருபுறமும் ஒரு மைக்ரான் அளவில் பூசி, தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளி விட்டு அடுக்கி, இடைவெளிகளில் வாயுவை நிரப்பினார்கள். அலுமினியம் நியூட்ரானை ஏறக்குறையத் தடுப்பதே இல்லை. முதல் பூச்சில் தப்பியது இரண்டாவதில் அகப்படலாம். அதிலும் தப்பியது மூன்றாவதில் அகப்படலாம். இவ்வாறு முப்பது பூச்சுகளைக் கடப்பதற்குள் சுமார் பாதியளவு எண்ணப்பட்டுவிடும். நூற்றுக்கு நான்கு என்றிருந்தது ஐம்பதாயிற்று. இன்னும் மெதுவாக வரும் நியூட்ரான்களானால் அதற்கு மேலும் எண்ணலாம். பிரான்சு நாட்டுக் கிரெனோபில் நகரில் உள்ள லாவே-லாஞ்செவின் ஆய்வு நிலையத்தில் இந்த அடுக்கு முறை உருவாகியது.

இரண்டாவது உபாயம் சாய்வு. வாழைக்காயை நேராக நறுக்கினால் வில்லை வட்டமாக விழும். சாய்த்து நறுக்கினால் நீண்டு விழும். காய் ஒன்றே, கத்தி செல்லும் தூரம்தான் கூடுகிறது. அதுபோலப் பூசிய தகட்டை நியூட்ரான் வரும் வழிக்கு ஐந்து பாகை மட்டுமே சாய்வாக வைத்தால், அது பூச்சினுள் செல்லும் தூரம் பதினோரு மடங்குக்கு மேல் பெருகுகிறது. பிறந்த துகள் வெளியேறவேண்டிய ஆழமோ பழைய ஒரு மைக்ரான்தான். உட்புறம் பூசிய மெல்லிய குழல்களைக் கற்றையாகக் கட்டி வைப்பது மூன்றாவது உபாயம். மூன்றிலும் கருத்து ஒன்றே. விழுங்கும் வழி நீளவேண்டும். தெரிவிக்கும் வழி குறுகவேண்டும்.

இனி, பூசுவது எப்படி என்று பார்ப்போம். நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுபவர் முதலில் என்ன செய்வார்? மணல் இட்டுத் தேய்ப்பார், நவச்சாரம் தூவுவார், அழுக்கும் களிம்பும் முற்றும் நீங்கிய பின்னரே ஈயத்தை வைப்பார். அடிப்பரப்பு சுத்தமில்லாவிட்டால் பூச்சு நிற்காது என்பது அவருக்குத் தெரியும். போரான் பூச்சிலும் முதல் விதி அதுவே. ஆனால் போரான் கார்பைடை ஈயத்தைப்போல் உருக்கித் தடவ இயலாது. 2,000 சென்டிகிரேடு பாகைக்கு மேல் சூடேற்றினாலன்றி அது உருகாது. வைரத்தோடு ஒப்பிடத்தக்க கடினம் உடையது. குண்டு துளைக்காத கவசங்களில் அதனை வைப்பது உண்டு.

ஆகவே வேறு முறையைக் கையாளுகின்றனர். காற்றை வெளியேற்றிய பெட்டியினுள் போரான் கார்பைடுப் பாளம் ஒன்றையும், எதிரே அலுமினியத் தகடுகளையும் வைப்பர். சிறிதளவு ஆர்கான் வாயுவை விட்டு மின்சாரத்தைச் செலுத்தினால் ஆர்கான் அணுக்கள் மின்னேற்றம் பெற்றுப் பாளத்தைச் சல்லடையாகத் தாக்கும். அதிலிருந்து அணுக்கள் தெறித்து வந்து தகட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும். காந்தங்களை வைத்து இந்தத் தாக்குதலைப் பாளத்தின் அருகிலேயே நிறுத்தி வைப்பதால் வேலை விரைவு பெறுகிறது. தகடுகள் சுழன்றுகொண்டே இருப்பதால் பூச்சு எங்கும் சமமாக அமைகிறது. இத்தகைய பூச்சுக்கு உள் இறுக்கம் அதிகம். காய்ந்த சுண்ணாம்புப் பூச்சு சுவரிலிருந்து பொருக்காகக் கழன்று விழுவதுபோல இதுவும் கழன்றுவிடக் கூடும். தகட்டைச் சூடாக்கி வைத்துப் பூசியும், வாயுவின் அளவைக் கட்டுப்படுத்தியும் அதைத் தவிர்க்கின்றனர். ஸ்வீடன் நாட்டு லிங்க்ஷேப்பிங் நகரில் இந்தத் தொழிலுக்கென்றே ஒரு பட்டறை அமைந்து, ஆயிரக்கணக்கான தகடுகளுக்குப் பூச்சு ஏற்றியது.

பூசிவிட்டால் எல்லாம் முடிந்துவிடவில்லை. அணு உலைக்கருகே காமாக் கதிர்களும் ஏராளமாக வரும். அவற்றை நியூட்ரான் என்று தவறாக எண்ணிவிடலாகாது. நல்லவேளையாக, மெல்லிய வாயு அடுக்கில் காமாக் கதிர் எழுப்பும் துடிப்பு மிகச் சிறியது. ஆல்ஃபாவின் துடிப்பு பெரியது. ஒரு வரம்பு வைத்து, அதற்கு மேற்பட்ட துடிப்பையே கணக்கில் சேர்க்கலாம். ஆனால் பூச்சின் ஆழத்திலிருந்து களைத்துப்போய் வெளிவரும் துகளின் துடிப்பும் சிறியதாகவே இருக்கும். வரம்பை உயர்த்தினால் உண்மைச் சாட்சிகள் சிலரை இழக்கிறோம். தாழ்த்தினால் பொய்ச் சாட்சிகளை ஏற்கிறோம். நடுநிலையைத் தேடுவதே இந்தக் கலையின் நுட்பம். மற்றொரு தொல்லை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. சாதாரண அலுமினியத்தில் யுரேனியமும் தோரியமும் அணுவளவு கலந்திருக்கும். அவை தாமாகவே ஆல்ஃபா துகள்களை உமிழ்ந்து, நியூட்ரான் வராதபோதும் வந்ததுபோல் துடிப்பை எழுப்பின. மிகத் தூய அலுமினியத்தைத் தேர்ந்தெடுத்தும், அலுமினியத்தின் மீது நிக்கல் முலாம் இட்டும் இதை அடக்கினர்.

இவ்வாறு பல இடையூறுகளைக் கடந்து உருவான அடுக்குக் கருவியை, 2016இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில், ஹீலியம்-3 குழாய்கள் வேலை செய்துகொண்டிருந்த அதே இடத்தில் அவற்றின் அருகிலேயே வைத்துச் சோதித்தனர். புதிய கருவி பழையதற்கு ஈடு கொடுத்து நின்றது. ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்து ஸ்வீடனின் லுண்ட் நகரில் 2014இல் கட்டத் தொடங்கிய மாபெரும் நியூட்ரான் நிலையத்தின் திட்டத்தில் இத்தகைய போரான் பூச்சுக் கருவிகள் முக்கிய இடம் பெற்றன. ஹீலியம்-3 இல்லாமையால் நின்றுபோயிருக்கக்கூடிய ஒரு துறைக்கு வழி பிறந்தது.

போரானும் நம் நாட்டிற்குப் புதியதன்று. லடாக்கில் பூகா என்னும் பள்ளத்தாக்கில் வெந்நீர் ஊற்றுகளின் ஓரத்தில் வெங்காரம் படிந்து கிடக்கிறது. நம் சித்த வைத்தியர்களும் பொற்கொல்லர்களும் வெங்காரத்தை நெடுங்காலமாக அறிவர். ஆனால் வெங்காரத்தில் ஐந்தில் ஒரு பங்காக மட்டும் கலந்துள்ள போரான்-10ஐப் பிரித்துச் செறிவாக்குவது எளிய காரியம் அன்று. இரண்டும் இரசாயன இயல்பில் இரட்டைப் பிள்ளைகள்; எடையில் மட்டுமே சிறு வேறுபாடு. ஒடிசாவின் தால்சேரிலும் தெலங்கானாவின் மணுகூருவிலும் நம் கனநீர் வாரியம் இதற்கான ஆலைகளை அமைத்து, போரான்-10ஐச் செறிவாக்கும் முறையை நம் நாட்டிலேயே நிலைநாட்டியது. கல்பாக்கத்து வேக ஈனுலையின் கட்டுப்பாட்டுக் கோல்களுக்கு வேண்டிய போரான் கார்பைடு இதன் முதல் நோக்கம். அங்கே நியூட்ரானை விழுங்கி அடக்கிவைப்பதே வேலை. ஆகையால் தடித்த வில்லைகள் பொருந்தும். எண்ணியிலோ விழுங்கியதை வெளியே சொல்லவேண்டும். ஆகையால் மெல்லிய பூச்சு. பொருள் ஒன்றுதான், செய்யவேண்டிய தொழிலே அதன் கனத்தைத் தீர்மானிக்கிறது.

இந்த வரலாற்றில் நாம் சிந்திக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அமைதிக்கான ஆராய்ச்சி, நெடுங்காலம் போர்க்கருவியின் உபரிப் பண்டத்தை நம்பி நடந்தது. மலிவாகக் கிடைக்கிறதே என்று அதன் ஊற்றுக்கண்ணை எவரும் அதிகம் ஆராயவில்லை. குண்டுகள் குறைந்ததை எல்லோரும் வரவேற்றபோது, அதனாலேயே மருத்துவத்திற்கும் தொழிலுக்கும் பயன்படும் கருவிகள் வாடும் நிலை வந்தது. அந்த முரண்பாட்டிலிருந்து நம்மை மீட்டது புதிதாகக் கண்டுபிடித்த அரிய பொருள் அன்று. 1935 முதல் தெரிந்த ஓர் உண்மையும், கடைத்தெருவில் கிடைக்கும் ஒரு தாதுவும், அதைச் செம்மையாகப் பூசக் கற்றுக்கொண்ட கைத்திறனுமே ஆகும். பெருங்கண்டுபிடிப்புகளுக்குப் பரிசும் புகழும் உண்டு. கழன்று விழாமல் ஒரு மைக்ரான் பூசுபவர்களின் பெயரை உலகம் அதிகம் அறிவதில்லை. எனினும் அவர்களின் உழைப்பு இல்லாவிட்டால், உலையிலிருந்து புறப்பட்ட நியூட்ரான் சொல்ல வந்த செய்தியைக் கேட்க ஆளிராது.

திராம்பேயிலும் மற்ற ஊர்களிலும் உள்ள ஆய்வுக்கூடங்களில் நம்மவர் பலர் பணிபுரிந்து வந்திருக்கின்றனர். வெளிமாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகளில் சிலர் நாளை அங்கே செல்லக்கூடும். பௌதிகம், இரசாயனம், உலோகவியல், மின்னணுவியல் ஆகிய நான்கும் ஒரு தகட்டின் மேல் சந்திக்கும் துறை இது. கணக்கில் தேர்ந்தவருக்கும் இடமுண்டு. கைவேலையில் தேர்ந்தவருக்கும் இடமுண்டு. அவர்களுக்கு இன்றைய பேச்சு ஓர் ஆர்வத்தைத் தூண்டுமாயின் நம் முயற்சி பயனுடையதாகும்.